மூன்று மாத சர்க்கரை 6.1 என்று வந்தாலும்: கிட்னி நோயில் புரதங்கள் மாறும் விதம்

சர்க்கரையும் கிட்னி பாதிப்பும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்துவிட்டால், லேப் ரிப்போர்ட்டில் கெட்ட எண்ணைப் பார்த்துப் பயப்படுவது போலவே நல்ல எண்ணைப் பார்த்தும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த எண்களில் பல, இரத்தத்தில் இருக்கும் புரதங்களை வைத்து எடுக்கப்படுபவை. கிட்னி கெடும்போது புரதத்தின் அளவு மட்டும் மாறுவதில்லை, புரதமே மாறுகிறது. அதன் மேல் சர்க்கரை ஒட்டுகிறது. யூரியாவிலிருந்து பிரிந்து வரும் சயனேட் ஒட்டுகிறது. சிறுநீரில் போயிருக்க வேண்டிய துண்டுகள் போகாமல் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. நான் கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். அப்பாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக சர்க்கரை, பிறகு கிட்னி, இப்போது டயாலிசிஸ். மெஷினுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையும், நோயாளியின் மகளாக அந்தப் பக்கம் நின்று பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மருந்தை மாற்றுவது டாக்டர் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது நம் வேலை.

அப்பாவுக்கு இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண், 20க்குக் கீழே இறங்கியிருந்த சமயம் அது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. எச்பிஏ1சி, அதாவது எல்லோரும் சொல்கிற மூன்று மாத சர்க்கரை, அதற்கு முன்பெல்லாம் எட்டரைக்குக் குறைந்ததே இல்லை. அந்த முறை 6.1 வந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சொன்னேன்ல, ராத்திரி சோத்த நிறுத்திட்டு களி குடுத்ததுக்கு இப்பதான் பலன் தெரியுது" என்றார். அப்பாவும், "என்னம்மா, நல்லாதானே வந்திருக்கு?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டு குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு அப்புறம் 230, 250 என்று காட்டிக்கொண்டிருந்தது. எச்பிஏ1சி 6.1 என்றால் சராசரி சர்க்கரை 130க்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பின் கணக்காக இருக்க முடியாது. ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஹீமோகுளோபின் 8.4. அதற்காக இரண்டு மாதமாக, சிவப்பணுவைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எச்பிஏ1சி என்பது சர்க்கரையை நேராக அளப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் புரதத்தில், பீட்டா சங்கிலியின் நுனியில் வேலின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்று, இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் மெதுவாக அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு சாகும் வரை பெரும்பாலும் போகாது. சிவப்பணுவின் ஆயுசு சுமார் 120 நாள். அதனால்தான் மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு கிடைக்கிறது. அணு முழு ஆயுசும் வாழ்ந்தால்தான் இந்தக் கணக்கு சரி.

கிட்னி நோயில் சிவப்பணு சீக்கிரமே செத்துவிடுகிறது. எரித்ரோபாய்டின் ஊசி போட்டால் எலும்பு மஜ்ஜை புதுப்புது அணுக்களைத் தள்ளுகிறது. புது அணுவில் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரமே கிடைத்திருக்காது. கிழ அணு குறைந்து இள அணு கூடினால், சர்க்கரை எவ்வளவு ஏறியிருந்தாலும் சதவீதம் இறங்கிவிடும். இரத்தம் ஏற்றினாலும் இதே கதைதான், ஏற்றியது இன்னொருவருடைய ஹீமோகுளோபின் ஆயிற்றே. இரும்புச்சத்துக் குறைவு மட்டும் இருந்து ஊசி எதுவும் போடாதவர்களுக்கு எதிர்ப்பக்கமாக, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும்போது எது எதை இழுக்கிறது என்று ஒற்றை எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனவர்களுக்கு, அதிலும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, எச்பிஏ1சியை முழுதாக நம்ப வேண்டாம் என்று உலக அளவில் கிட்னி நோய்க்கு வழிகாட்டும் கேடிகோ அமைப்பே சொல்கிறது.

யூரியாவின் வேலையை என் மேஜையில் தினமும் பார்க்கலாம். ஊதா மூடி டியூபில் எடுத்த இரத்தத்தை எச்பிஎல்சி மெஷினில் வைத்தால், ஹீமோகுளோபினின் ஒவ்வொரு வகையும் தனித்தனி நேரத்தில் வெளியே வந்து, மலைமுகடு மாதிரி வரைபடமாகக் காகிதத்தில் விழும். கடைசியில் வரும் பெரிய முகடு சாதாரண ஹீமோகுளோபின். அதற்கு முன்னால் சின்னச் சின்ன முகடுகள். அதில் எச்பிஏ1சிக்குச் சற்று முன்பு எல்ஏ1சி/சிஎச்பி என்று ஒன்று அச்சாகும். சிஎச்பி என்பது கார்பமைலேட்டட் ஹீமோகுளோபின், அதாவது சயனேட் ஒட்டியது. சர்க்கரை ஒட்டும் அதே நுனியில் இதுவும் போய் உட்காருகிறது. யூரியா 150ஐத் தாண்டியவர்களின் காகிதத்தில் அந்த முகடு மற்றவர்களுடையதைவிடப் பருத்துத் தெரியும். பழைய முறைகளில் இது எச்பிஏ1சியோடு கலந்து பொய்யாகக் கூட்டிக் காட்டியது. இப்போதைய மெஷின்கள் பெரும்பாலும் பிரித்துவிடுகின்றன. ஆனால் எந்த மெஷினும் அணுவின் ஆயுசுக் குறைவைச் சரிக்கட்டாது. ஆகவே "எங்க லேப்ல புது மெஷின்" என்று யாராவது சொன்னால் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. தருமபுரி மாவட்டத்து மலைக்கிராமங்களில் பிறவியிலேயே ஹீமோகுளோபின் வேறு வகையாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அரிவாள் அணு, தலசீமியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால், கிட்னி நன்றாக இருந்தாலும் எச்பிஏ1சி தடுமாறும். வீட்டில் யாருக்காவது இது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நேராக டாக்டரிடம் போய் 6.1 தப்பு என்று சொல்லவில்லை, கையில் ஆதாரம் வேண்டும். இரத்தம் குறைவாக இருப்பவர்களுக்குச் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், அதையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு காலையில் அப்பாவின் விரலில் குத்தி மீட்டரில் பார்த்த அதே நிமிஷத்தில் கை நரம்பிலும் இரத்தம் எடுத்து லேபில் ஓட்டினேன். மீட்டர் 230, லேப் 214. இந்த வித்தியாசம் ஏற்றுக்கொள்ளக்கூடியது, மீட்டரை நம்பலாம். அப்புறம் இரண்டு வாரம், வெறும் வயிறு, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும் முன், நடுநடுவே விடிகாலை மூன்று மணி என்று நோட்டில் எழுதச் சொன்னேன். அந்த விடிகாலைக் கணக்கில்தான் யாரும் எதிர்பார்க்காதது வந்தது. பகலில் 240 இருந்த மனிதருக்கு விடிகாலையில் 62.

இதற்கும் காரணம் கிட்னிதான். இன்சுலினும் ஒரு சின்னப் புரதம். ஊசியில் போட்ட இன்சுலினில் பெரும்பங்கை உடைத்து வெளியேற்றுவது கிட்னி. அது சுணங்கினால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். இரவு போட்டது விடிகாலை வரை வேலை செய்யும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து சராசரி எடுத்தால் இரண்டுமே மறைந்துவிடும். டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு இரவு இன்சுலினைக் குறைத்தார், மதிய வேளைக்கு வேறு ஏற்பாடு செய்தார். "இனிமே இந்த நோட்டுதான்மா நமக்கு ஏ1சி" என்றார். கிட்னி நோயாளி வீட்டில் யாராவது விடிகாலையில் வியர்த்து எழுந்தால், குழப்பமாகப் பேசினால், உடனே விரலில் குத்திப் பாருங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் இந்த டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் யாருக்காவது ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் எழுதியிருந்தால், சில வகை ஸ்ட்ரிப்புகள் அதிலிருந்து வரும் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸாக எண்ணி மிகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. பையில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு எந்த மீட்டர் சரி என்று டயாலிசிஸ் நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆல்புமின், இரத்த நீரில் அதிகமாக இருக்கும் புரதம். அப்பாவுக்குச் சிறுநீரில் நுரை கட்டுவது பல வருஷம் முன்பே தொடங்கியது. தண்ணீர் ஊற்றினாலும் அடங்காத நுரை. சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 30க்குள் இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் பெரிய ஒழுக்கு. அப்பாவுக்குத் தாண்டித்தான் இருந்தது. இரத்தத்தில் 3.5க்கு மேல் இருக்க வேண்டிய ஆல்புமின் 2.9க்கு வந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். சித்தப்பா புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா, கிட்னிக்குப் புரதமே ஆகாது, பருப்பு முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தினம் ஆறு முட்டை வெள்ளைக்கரு என்று ஒருவர்.

ஆல்புமின் குறைவதற்குச் சாப்பாடு ஒரு காரணம்தான். சிறுநீரில் ஒழுகுவதும், உடம்பில் அழற்சி இருந்தால் ஈரல் அதைக் குறைவாகச் செய்வதும் பெரிய காரணங்கள். அள்ளிப் போட்டால் ஏறிவிடாது, கழிவாக யூரியாதான் ஏறும். யூரியா ஏறினால் சயனேட் ஏறும், அது ஆல்புமினிலேயே போய் ஒட்டும். ஆல்புமினில் 585 அமினோ அமிலங்கள். அதில் 549வது இடத்திலுள்ள லைசின் இப்படி மாறுவதற்குத் தோதான இடம். டயாலிசிஸ் நோயாளிகளில் இப்படி மாறிய ஆல்புமின் கூடக்கூட இறப்பு அபாயமும் கூடியிருப்பதை 2013இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. 34வது இடத்திலுள்ள சிஸ்டீன் இன்னொன்று. அது ஆக்ஸிஜன் சேதத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றும் இடம். கிட்னி நோயில் அது ஏற்கெனவே ஆக்ஸிஜனேற்றம் அடைந்த ஆல்புமின் கூடிப்போகிறது. ஆக, ரிப்போர்ட்டில் 3.5 என்று இருந்தாலும் அந்த 3.5ம் ஆரோக்கியமான ஆள் ஒருவரின் 3.5ம் ஒரே வேலையைச் செய்வதில்லை. இந்த மாற்றங்களை அளக்க எங்களைப் போன்ற சாதாரண லேபில் வசதி கிடையாது. தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்றால், யூரியாவைக் கட்டுக்குள் வைப்பதும், டயாலிசிஸ் நேரத்தை அரைமணி முன்னதாக முடித்துக்கொண்டு கிளம்பாமல் இருப்பதும் ஏன் முக்கியம் என்று புரியும்.

டயாலிசிஸ் தொடங்கும் முன் அப்பாவுக்கு டயட்டீசியன் சொன்னது, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.8 கிராம் புரதம். அறுபது கிலோ ஆளுக்கு 48 கிராம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அதுவே 1 முதல் 1.2 கிராம் வரை கூடியது, ஏனென்றால் டயாலிசிஸில் அமினோ அமிலங்கள் போய்விடும். இரண்டு கட்டத்துக்கும் இரண்டு கணக்கு. பக்கத்து வீட்டு அறிவுரை எந்தக் கட்டத்துக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்புமினை நாங்கள் அளப்பது சாயத்தை வைத்து. பிரோமோகிரசால் பச்சை என்ற சாயம் அமிலக் கரைசலில் மஞ்சளாக இருக்கும். சீரம் விழுந்ததும் பச்சைக்குத் திரும்பும், எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஆல்புமின். இது வேறு சில புரதங்களோடும் கொஞ்சம் சேர்ந்துகொள்வதால் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டும். சில லேபில் பிரோமோகிரசால் ஊதாச் சாயம். அது ஆல்புமினை மட்டும் பிடிப்பதில் கறாரானது, ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளிடம் தேங்கும் கழிவுகளும் மாறிப்போன ஆல்புமினும் அதைக் குறைத்துக் காட்ட வைக்கும். அப்பாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஊரில் பார்த்து 3.4ம் 2.9ம் வந்தது. வீடே கலங்கியது. இரண்டு லேபுக்கும் போன் போட்டு எந்தச் சாயம் என்று கேட்டேன், பதில் கிடைத்ததும் எல்லோரும் தூங்கினார்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். கால்சியம் எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். இரத்தக் கால்சியத்தில் பாதிக்குக் கிட்ட ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு போகிறது, ஆல்புமின் குறைந்தால் அதுவும் குறைந்தது போலத் தெரியும்.

மருந்துகளும் ஆல்புமினில்தான் சவாரி போகின்றன. பர்கூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு வலிப்பும் உண்டு, கிட்னி நோயும் உண்டு. ஃபெனிடாய்ன் மாத்திரையின் இரத்த அளவு குறைவு என்று வந்ததும், அவர் மகன் டோஸ் கூட்ட வேண்டுமா என்று கேட்டான். ஆல்புமின் குறைந்து, இருப்பதும் மாறிப்போயிருந்தால், மாத்திரை ஒட்ட இடம் இருக்காது. மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிற ஒட்டாத பங்கு போதுமான அளவு இருக்கும். கூட்டினால் தள்ளாட்டம், மயக்கம். டாக்டரிடம் ஆல்புமின் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன்.

மாம்பழ சீசன் ஒன்றில் நள்ளிரவு அப்பாவுக்கு நெஞ்சில் பாரம். உடனே வண்டி எடுத்தோம். ட்ரோபோனின் டி, 14க்குள் இருக்க வேண்டியது, 58 என்று வந்தது. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ட்ரோபோனின் இதயத் தசைப் புரதம். கிட்னி நோயாளிகளுக்கு மாரடைப்பு இல்லாமலே அது எப்போதும் உயர்ந்து நிற்பது உண்டு. அதனால் ஒரு எண் போதாது, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். 59. இசிஜியும் மாறவில்லை. மறுநாள் டயாலிசிஸில் நீர் எடுத்ததும் பாரம் குறைந்தது. நெஞ்சு வலித்தால் "கிட்னிக்காரங்களுக்கு அப்படித்தான் வரும்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம்தான். நன்றாக இருக்கும்போது எடுத்த ட்ரோபோனின் எண் ஒன்று ஃபைலில் இருந்தால், அவசரத்தில் டாக்டருக்கு ஒப்பிட வசதி.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு பாராதைராய்டு ஹார்மோன், பிடிஎச், ரிப்போர்ட்டில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. இரத்தக் கால்சியத்தைக் கவனிக்கும் ஹார்மோன் இது. முழு ஹார்மோனில் 84 அமினோ அமிலம். முதல் ஆறு உதிர்ந்த 7–84 துண்டும் கிட்னி இல்லாதவர்களிடம் தேங்கும். "இன்டாக்ட்" என்ற பெயரில் வரும் பரிசோதனைகளில் பல, இந்தத் துண்டையும் சேர்த்தே எண்ணிவிடுகின்றன. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு லேபின் மேல் எல்லையைப் போல 2 முதல் 9 மடங்கு வரை இருக்கலாம் என்று கேடிகோ அகலமாக வைத்திருப்பதை நினைவில் வையுங்கள். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் "அதிகம்" என்று வந்ததற்காக அலற வேண்டாம், போன முறையிலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

அப்பாவின் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர், ரொம்ப வருஷமாக டயாலிசிஸ். ராத்திரியில் கட்டை விரலும் அடுத்த விரல்களும் மரத்து, கையை உதறிக்கொண்டே இருப்பாராம். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற 99 அமினோ அமிலச் சின்னப் புரதம், சாதாரணமாகக் கிட்னி வழியே போய்விடும், போகாவிட்டால் பல வருஷத்தில் மணிக்கட்டிலும் மூட்டிலும் படியும், மணிக்கட்டில் நரம்பை அழுத்தும். 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது. எல்லா மரமரப்பும் இதுவல்ல, சர்க்கரையாலும் வரும். ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தால் நரம்பு கெட்டுப்போகும். டயலைசர் என்பது டயாலிசிஸ் மெஷினில் இரத்தத்தை வடிகட்டும் குழாய். அதில் பெரிய துளைகள் கொண்ட ஹை ஃப்ளக்ஸ் வகை இந்தப் புரதத்தை மற்றவற்றைவிட நன்றாக எடுக்கும். எந்த டயலைசர் போடுகிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

கிரியேட்டினின் பற்றியும் ஒரு வார்த்தை. அது தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி கெட்டால் இரத்தத்தில் ஏறும். உடம்பு இளைத்தவர்களுக்குக் கிட்னி கெட்டிருந்தாலும் குறைவாகவே தெரியும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், அது தசையை நம்பி இல்லை. தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, புகை ஆகியவை அதையும் அசைக்கும் என்பதால் அவற்றை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டயாலிசிஸ் நோயாளியின் இரத்தம் லேபுக்கு வரும்போது சீட்டில் எங்களுக்குத் தேவையானது நாலு விஷயம்: டயாலிசிஸுக்கு முன்பு எடுத்ததா பின்பா, எரித்ரோபாய்டின் கடைசியாக எப்போது, இரும்பு ஊசி போட்டார்களா, இரத்தம் ஏற்றியிருந்தால் எந்தத் தேதி. பெரும்பாலும் வெறும் பெயரும் வயசும்தான் இருக்கும். நீங்களே பேனாவால் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். இரத்தம் முடிந்தவரை டயாலிசிஸுக்கு முன்பே, மாதா மாதம் வாரத்தின் அதே நாளில் எடுக்கட்டும். எந்த முறையில் பார்த்தீர்கள் என்று கவுண்டரில் கேட்டால் நாங்கள் சொல்ல வேண்டும், சொல்வது எங்கள் வேலைதான். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் டெக்னீசியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.